எனக்கு வேணும்

போன மாசம் நண்பர் ஒருத்தர் ஒரு குட்டிப் புத்தகம் கொடுத்தார். ஆன்மீக வாழ்க்கையில நாம வளராம போறதுக்கு உள்ளுக்குள்ள இருக்கிற தடைகள் என்னென்ன, அதை எப்படித் தாண்டுறதுன்னு நம்பர் போட்டு எழுதின புத்தகம். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. ஒரே உட்காரலில் படிச்சு முடிச்சேன். படிக்கும்போது ஒரு விஷயம் நடந்தது. ஆங்காரம்னு வந்த பக்கத்துல பெரியப்பா மகன் ஒருத்தர் முகம் ஞாபகத்துக்கு வந்தது. காய்மகாரம்னு வந்ததும் ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர். லோபித்தனத்துக்கு ஒருத்தர், சோம்பலுக்கு ஒருத்தர். மன்னிக்காத மனசுன்னு ஒரு அத்தியாயம், அது முழுக்க எங்க அண்ணன். கடைசிப் பக்கம் வரைக்கும் என் முகம் மட்டும் வரவே இல்லை. புத்தகத்தை மூடி வச்சப்பதான் லேசா சந்தேகம் தட்டிச்சு. எங்கேயோ இடிக்குதே?

(காய்மகாரம் தெரியாதவங்களுக்கு: பொறாமை. பழைய ஞான உபதேசம் படிச்ச கத்தோலிக்க வீடுகள்ல இன்னும் புழங்குற வார்த்தை. தலையான பாவங்கள் ஏழுல ஒண்ணு. 'பொறாமை'ன்னு சொன்னா சாதாரணமா இருக்கு, 'காய்மகாரம்'னா கொஞ்சம் வலிக்குது. அதனால எனக்கு அந்த வார்த்தைதான் பிடிக்கும்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தத் தடை சமாச்சாரத்தை யோசிக்க ஆரம்பிச்சா எனக்கு எப்பவும் எங்க ஊர்லதான் போய் நிக்கும். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிற ஆலந்தலை. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடுன்னு முத்துக்குளித்துறையோட பழைய ஏழு ஊர்ல ஒண்ணு. முத்துக்குளிப்பெல்லாம் எங்க தலைமுறை பார்க்கல. 1961க்கு அப்புறம் பெரிய அளவுல நடக்கல. இப்ப வள்ளமும் வலையும்தான். ஆனா ஊர் வேதத்துக்கு வந்தது அந்த முத்தாலதான். 1530களோட நடுவுல, முத்துக்குளிப்பு யார் கையில இருக்கிறதுங்கிற சண்டையில பரதவர்கள் போர்ச்சுக்கீசியர் பாதுகாப்பைத் தேடிப் போனாங்க. பாதுகாப்பு கிடைச்சுது, கூடவே ஞானஸ்நானமும் வந்தது. ஆயிரக்கணக்குல. மந்திரம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்ல.

இதைச் சொன்னா எங்க ஊர்ப் பெரியவங்க சில பேருக்குக் கோபம் வரும். "அப்படின்னா நம்ம முன்னோர் விசுவாசம் பொய்யாலே?"ன்னு கேப்பாங்க. பொய்ன்னு நான் சொல்லல. உயிருக்கும் பிழைப்புக்கும் ஆபத்து வந்தப்போ கை நீட்டினாங்க. எல்லாரும் கடவுள்கிட்ட முதல்ல அப்படித்தான் போறோம். ஜுரம் வந்தா போறோம், பரிட்சை வந்தா போறோம், பொண்ணுக்கு மாப்பிள்ளை அமையலைன்னா போறோம். நான் கேக்குற கேள்வி அதுக்கு அடுத்தது: போன இடத்துலயே நின்னுட்டோமா?

1542 அக்டோபர்ல பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். நம்ம சவேரியார்தான், கோவாவுல உடம்பு இருக்கிறவர். தமிழ் தெரியாது. தெரிஞ்சவங்க சில பேரை வச்சு விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், மந்திரங்கள் எல்லாத்தையும் தமிழ்ல மாத்தி, மனப்பாடம் பண்ணி, கையில மணியடிச்சுக்கிட்டு தெருத்தெருவா போய் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ரெண்டு வருஷமா மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம்னு கரையில மேலயும் கீழயும் நடந்துக்கிட்டே இருந்தார். 1544 செப்டம்பர்ல எங்க ஆலந்தலையில இருந்து அவர் எழுதின கடிதம்கூட இருக்கு. (பெருமைதான், என்ன செய்ய. ஆங்காரம் லிஸ்ட்ல முதல் முகம் என்னோடதா இருந்திருக்கணும்.)

அதே 1544ல தன்னோட வேலை பார்த்த பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதின ஒரு கடிதத்துலதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கு. விசுவாசப் பிரமாணத்தைத் தமிழ்ல மாத்தினப்போ ஒரு தப்பு நடந்திருக்கு. 'நான் விசுவசிக்கிறேன்'னு வரவேண்டிய இடத்துல 'எனக்கு வேணும்'னு போட்டுட்டாங்க. எவ்வளவு நாள் அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தாங்களோ! வானத்தையும் பூமியையும் படைச்ச பிதாவை எனக்கு வேணும், அவரோட ஒரே மகன் எனக்கு வேணும்... அப்படித்தானே வந்திருக்கும்? தப்பு தெரிஞ்சதும் சவேரியார் மான்சிலாசுக்கு எழுதுறார்: இனிமே 'வேணும்'னு சொல்ல வைக்காதே, அது ஆசைப்படுறதைக் குறிக்கிற சொல், அதுக்குப் பதிலா விசுவாசம்னு வர்ற சொல்லைப் போடு.

முதல்தடவை இதைப் படிச்சப்போ சிரிச்சேன். ரெண்டாவது தடவை சிரிப்பு வரல. ஏன்னா அந்தத் திருத்தம் காகிதத்துல நடந்து 480 வருஷம் ஆச்சு. எனக்குள்ள இன்னும் நடக்கல. ஞாயித்துக்கிழமை பூசையில எழுந்து நின்னு 'விசுவசிக்கிறேன்'னு வாய் சொல்லுது. உள்ள ஓடுறது 'எனக்கு வேணும்' தான்.

இங்க ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடுறேன், இல்லன்னா சண்டைக்கு வருவீங்க. கேக்குறது தப்புன்னு நான் சொல்லல. அன்னன்னைக்குள்ள அப்பத்தைக் கேக்கத்தான் இயேசுவே சொல்லிக்கொடுத்தார். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்போ குமரிக் கரையிலயும் கேரளக் கரையிலயும் கடலுக்குப் போனவங்க எத்தனையோ பேர் திரும்பல. அந்த நாட்கள்ல கடற்கரையில உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கிட்டே ஜெபமாலை உருட்டின பொம்பளைங்ககிட்ட போய் "அம்மா, இது சுயநலமான ஜெபம், உங்க ஆன்மீக வளர்ச்சிக்குத் தடை"ன்னு ஒருத்தன் சொன்னா அவன் மனுஷனே இல்ல. கடல்ல இருக்கிற புருஷன் எனக்கு வேணும்னு கேக்குறதை விட நேர்மையான ஜெபம் எது?

அதனால 'ஆசீர்வாதம் கேட்டே பழகிட்டோம், அதுதான் தடை'ன்னு பிரசங்கம் பண்றவங்களோட எனக்கு முழு உடன்பாடு இல்ல. வீடு வேணும், வேலை வேணும், விசா வேணும்னு கேக்குறது சின்னப்பிள்ளைத்தனமா இருக்கலாம். சின்னப்பிள்ளை வளரும். எல்லாத்தையும் சாத்தான் மேல போடுறவங்களோடவும் எனக்கு ஒத்துப்போகல. அது ரொம்ப வசதி. நான் அண்ணன்கிட்ட பேசாததுக்குச் சாத்தான் காரணம்னா, நான் சும்மா உட்கார்ந்துக்கலாமே.

என் வரைக்கும் நிஜமான தடையா இருந்தது வேற ஒரு 'வேணும்'. அதை நான் வாய்விட்டுக் கேட்டதே இல்ல. 'நான் சொன்னதுதான் சரின்னு ஆண்டவர் சொல்லணும்.' இதுதான் அது. வீடு கிடைச்சா கிடைச்சதுன்னு அந்த ஜெபம் முடிஞ்சிடும். இது முடியவே முடியாது. ஒவ்வொரு பூசையிலயும் உள்ளுக்குள்ள ஒரு கோர்ட் நடக்கும். நான்தான் வாதி, நான்தான் வக்கீல், சாட்சியும் நானே. ஆண்டவர் தீர்ப்பு மட்டும் எழுதணும், அதுவும் நான் சொல்லச் சொல்ல. அப்புறம் 'ஜெபத்துல மனசு ஒட்ட மாட்டேங்குது, வறண்டு கிடக்கு'ன்னு புலம்புறது. வாதாடிக்கிட்டே இருக்கிறவன் காதுல என்ன விழும்?

அண்ணன் கதையைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். பெரிய கதை இல்ல. அப்பா போனபிறகு வள்ளத்துக்கு புது எஞ்சின் வாங்கக் கடன் வாங்கினாங்க. ஜாமீன் கையெழுத்து நான். ரெண்டு சீசன் சரியா மீன்பாடு இல்ல, தவணை கட்டல, கடன்காரங்க நான் வேலை பார்க்கிற இடத்துக்கு வந்துட்டாங்க. நான் போன்ல கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன். அவர் பதிலுக்கு, படிக்க வச்ச காசு யார் கடல்ல போய் சம்பாதிச்சதுன்னு கேட்டார். அவ்வளவுதான். பதினோரு வருஷம். திருவிழாவுக்கு ஊருக்குப் போவேன். ஒரே கோயில், ஒரே பூசை, அவர் தூணுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சப்பரம் வரும்போது ரெண்டு பேரும் கும்பிடுவோம். அம்மாவுக்கு எங்களைப் பார்த்துப் பார்த்து அழுகையே வத்திப்போச்சு. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டு போறப்போ சகோதரனுக்கு உன்மேல மனத்தாங்கல் இருக்கிறது ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கேயே வச்சிட்டுப் போய் முதல்ல சமாதானமாகணும்னு மத்தேயு ஐந்தாம் அதிகாரத்துல இருக்கு. அந்த வாசகம் வர்ற ஞாயிறு எல்லாம் நான் தூணுக்கு அந்தப் பக்கம் பார்த்து, 'கேளுங்கண்ணே நல்லா'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். யாருக்கு யார் மேல மனத்தாங்கல்னு அந்த வசனம் சொல்லுதுன்னு நிதானமா ஒருநாள் படிச்சப்பதான் தெரிஞ்சுது. எனக்கு அவர் மேல இருக்கிற கோபத்தைப் பத்தி அதுல பேச்சே இல்ல. அவருக்கு என் மேல இருக்கிறதைப் பத்திச் சொல்லுது. போகவேண்டியவன் நான்.

இங்க இன்னொரு பழைய மனுஷரைக் கூப்பிட்டுக்கிறேன். அன்றீக்கே அன்றீக்கசு, என்ரீக்கே என்ரீக்கசுன்னும் எழுதுறாங்க. தமிழ்ல முதன்முதலா அச்சுப் புத்தகம் போட்டவர்னு எல்லாருக்கும் தெரியும். 1578ல கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்', அடுத்த வருஷம் கொச்சியில 'கிரிசித்தியானி வணக்கம்'. அந்த அச்சு வேலைக்குக் காசு கொடுத்தவங்க எங்க கரைப் பரதவர்கள். தமிழ் எழுத்து அச்சேறினதுல மீன் வாசம் உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது :-)

இந்த மனுஷர் போர்ச்சுக்கல்ல யூத வம்சாவளியில வந்த குடும்பத்துல பிறந்தவர். அந்தக் காரணத்தால பிரான்சிஸ்கன் சபையில இருக்க முடியாம வெளிய வந்தவர். அப்புறம் இயேசு சபையில சேர்ந்து 1546ல இந்தியா வந்து, 1600ல சாகும்வரைக்கும் ஐம்பது வருஷத்துக்கு மேல முத்துக்குளித்துறையிலேயே கிடந்தார். தமிழ் கத்துக்கிட்டார், இலக்கணம் எழுதினார், சவேரியார் காலத்து மொழிபெயர்ப்புகளைத் திருத்தினார். மொழிபெயர்ப்பாளர் துணை இல்லாமலேயே தமிழ்ல பிரசங்கம் பண்ணினார்.

அவர் 1580ல போட்ட இன்னொரு புத்தகம் இருக்கு, அதைப் பத்தி நம்மாளுங்க அதிகம் பேசுறதில்ல. 'கொம்பெசியொனாயரு'. பாவசங்கீர்த்தனம் செய்றதுக்கு எப்படித் தயார் பண்றது, மனசை எப்படித் துருவிப் பார்க்கிறதுன்னு சொல்ற புத்தகம். யோசிச்சுப் பாருங்க. தமிழ்ல அச்சான முதல் நாலைந்து புத்தகத்துல ஒண்ணு, 'உனக்குள்ள என்ன இருக்கு, பாரு'ன்னு சொல்றதுக்காக வந்திருக்கு. அதுவும் எங்கள மாதிரி கடற்கரைச் சனங்களுக்காக.

ஏன் இதுக்குன்னு ஒரு புத்தகம்? என் ஊகத்தைச் சொல்றேன். சாமியாருக்குத் தமிழ் தெரியாத காலத்துல நடுவுல மூணாவது ஆள் ஒருத்தர் இருந்து மாத்திச் சொல்லணும். ஊர்க்காரன் ஒருத்தன் காது கேட்க எவன் தன் பாவத்தைச் சொல்லுவான்? பக்கத்து வீட்டுக்காரன் பாவத்தைத்தான் சொல்லியிருப்பான். இப்ப நடுவுல ஆள் கிடையாது, சாமியாருக்கும் நம்ம பாஷைதான், ஆனாலும் எனக்கு உள்ளே ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கார். 'கெட்ட வார்த்தை பேசினேன்'ங்கிறதை 'சூழ்நிலை காரணமா கொஞ்சம் கோபப்பட்டேன்'னு மாத்துறது அவர்தான். ரொம்பத் திறமைசாலி.

ரெண்டு வருஷம் முன்னாடி தவக்காலத்துல பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன். வெளியூர்ல இருந்து வந்த வயசான சாமியார். அண்ணன் விஷயத்தைச் சொன்னேன். எஞ்சின், ஜாமீன், தவணை, போன், அவர் என்ன சொன்னார், அதுல எந்த வார்த்தை என்னைக் குத்திச்சு... எல்லாம். பத்து நிமிஷம் இருக்கும். பின்னால வரிசையில ஆட்கள் செருமுறது கேக்குது. சாமியார் பொறுமையாக் கேட்டுட்டு, "சரி தம்பி, உங்க அண்ணன் பாவத்தை எல்லாம் சொல்லிட்டீங்க. அவருக்கு நான் இங்க இருந்து மன்னிப்பு கொடுக்க முடியாது. உங்களோடது ஏதாவது இருக்கா?"ன்னார்.

கோபம்னா கோபம். எழுந்து வந்துடலாம்னு நினைச்சேன். வீட்டுக்குப் போற வழியெல்லாம் அந்தச் சாமியார்கிட்டயும் மனசுக்குள்ள வாதாடினேன். ஒரு வாரம் கழிச்சுத்தான் சிரிப்பு வந்தது. அதுக்கப்புறம்தான் அந்தக் கோர்ட்டுல எனக்கே சலிப்புத் தட்ட ஆரம்பிச்சது. தடையைத் தாண்டினேன்னு சொல்ல மாட்டேன். அது இருக்கிற இடம் தெரிஞ்சுது.

இதுக்கு நேர் எதிரான ஒரு குழியும் இருக்கு, அதுல விழுந்தவங்களையும் பார்த்திருக்கேன். சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்றது, சரியாச் சொன்னோமா, ஏதாவது விட்டுப்போச்சான்னு நடுங்குறது. சவேரியாரோட நண்பர் இஞ்ஞாசியாருக்கே இது இருந்தது. 1522ல மன்ரேசாவுல இருந்தப்போ பழைய பாவங்களை மறுபடி மறுபடி அறிக்கை செஞ்சும் மனசு ஆறாம, உயிரை விட்டுடலாமாங்கிற அளவுக்குப் போயிருக்கார். அவர் அந்தச் சுழலை விட்டு வெளிய வந்தது, இனிமே பழசைத் தோண்டுறதில்லைன்னு முடிவெடுத்த பிறகுதான். பிற்பாடு அவர் சொல்லிக்கொடுத்த ஆத்தும சோதனை ரொம்பச் சுருக்கமானது. ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி முதல்ல நன்றி, அப்புறம் அன்னைக்கு நாளை ஒரு தடவை திருப்பிப் பார்க்கிறது, மன்னிப்பு, நாளைக்கு என்ன செய்யணும். அவ்வளவுதான். நான் கால் மணி நேரம் உட்காருறேன். பாதி நாள் தூங்கிடுவேன். மீதி நாள்ல, 'இன்னைக்கு நான் யாரை வாதாடி ஜெயிச்சேன்?'னு ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிறேன். தினமும் யாராவது ஒருத்தர் இருக்காங்க. பெரும்பாலும் என் வீட்டுக்காரி.

சவேரியார் அந்த மாதிரி கடிதம் எழுதின மான்சிலாஸ் என்ன ஆனார்னு கேப்பீங்களே. நல்ல மனுஷர்தான், வெயில்ல அலைஞ்சு உழைச்சவர். பொறுமையா இரு, இந்தச் சனங்களை அன்பா நடத்துன்னு சவேரியார் அவருக்குத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கார். திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்ததுன்னா புரிஞ்சுக்குங்க. பிற்பாடு மொலுக்காஸ் தீவுக்கு வான்னு கூப்பிட்டப்போ அவர் போகல. சவேரியார் அவரைச் சபையை விட்டே நீக்கிட்டார். விசுவாசப் பிரமாணத்துல 'வேணும்'ங்கிறதைத் திருத்தி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வாய் அவரோடது. அவர் மேல எனக்கு எப்பவும் ஒரு பாசம் உண்டு. சவேரியார் மாதிரி ஆக நம்மால ஆகாது, மான்சிலாஸ் மாதிரி ஆறதுக்கு நமக்கு எல்லாத் தகுதியும் இருக்கு.

புத்தகம் கொடுத்த நண்பர் போன வாரம் போன் பண்ணி, "படிச்சீங்களா, எப்படி இருந்தது?"ன்னு கேட்டார். நல்லாருக்குன்னேன். எந்தத் தடை உங்களுக்குப் பொருந்துச்சுன்னார். எல்லாத்துக்கும் வேற வேற ஆள் பொருந்தினாங்கன்னு உண்மையைச் சொன்னேன். அவர் சிரிச்சிட்டு, "எனக்கும் அப்படித்தாங்க, அதான் உங்களுக்குக் கொடுத்தேன்"ன்னார்.

அன்னைக்கு ராத்திரிதான் அண்ணன் நம்பரைத் தேடினேன். என்கிட்ட இல்ல. அம்மாகிட்ட கேட்டா விஷயம் ஊர் முழுக்கத் தெரிஞ்சுடும்னு அக்கா மகன்கிட்ட வாங்கினேன். என்ன பேசணும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதியே வச்சிருந்தேன், ஹி ஹி. எழுதினதைப் படிச்சுப் பார்த்தா முதல் வரியிலேயே 'அன்னைக்கு நீங்க அப்படிப் பேசினதாலதான்'னு இருந்தது. உள்ளே இருக்கிற மொழிபெயர்ப்பாளர் சும்மா இருப்பாரா? கிழிச்சுப் போட்டுட்டு நம்பரை அமுக்கினேன்.

ரெண்டு ரிங்ல எடுத்துட்டார். நான் "அண்ணே"ன்னு சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அம்மாவுக்கு என்னமுமாலே?"ன்னு பதட்டமாக் கேட்டார். அம்மா அவருக்கு மூணு தெரு தள்ளித்தான் இருக்காங்க, நான் இருக்கிறது மெட்ராஸ்ல. அந்த அளவுக்குப் பதட்டம்.

"இல்லண்ணே, அம்மா நல்லாருக்காங்க. சும்மாதான் பண்ணேன். அன்னைக்கு நான் பேசினது தப்புண்ணே."

மறுபடி சத்தம் இல்ல. பின்னால யாரோ வலையைத் தட்டிக்கிட்டுப் பேசுறது கேட்டது.

"மீன்பாடு எப்படிண்ணே?"ன்னேன், வேற ஒண்ணும் தோணாம.

"என்னத்த பாடு. நாலு நாளா கச்சான் அடிக்கி. யாரும் போவல"ன்னார். அப்புறம், "நீ எப்ப வார?"